லிஃப்ட்டுக்குள் கேட்டது

மேடையில் அமர்ந்திருக்கும் கட்சித் தலைவர் அவர்களே, மாற்றுக் கட்சிகளிலிருந்து மனமுவந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் தம்பி அவர்களே, அவருடைய குடும்பத்தாரே, நாற்காலி கிடைத்து உட்கார்ந்திருப்பவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருப்பவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அம்மையார் வகித்த பதவிகளைச் சொன்னார்கள். கொண்டுவந்த சட்டங்களைச் சொன்னார்கள். எதிர்க்கட்சித் துணைத் தலைவராக இருந்ததையும், இரண்டு முறை அமைச்சராக இருந்ததையும், ஒரு முறை அந்தப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்ததையும் சொன்னார்கள். அவற்றில் ஒன்றையும் நான் மறுபடி சொல்லப் போவதில்லை. தலைவர் என்னை அழைத்தபோதே, "நீங்க பழைய ஆளு, ஆரம்பக் காலத்தைப் பத்தி மட்டும் பேசுங்க, நேரத்தைப் பார்த்துப் பேசுங்க" என்றார். முதல் பாதியைக் கட்டாயம் கடைப்பிடிப்பேன்.

நம் குட்டி எம்.பி. மறைந்துவிட்டார். அறுபத்திரண்டு வயதில், தலை முழுக்க நரைத்த பிறகும், இந்த நாடு அவரைக் குட்டி எம்.பி. என்றுதான் கூப்பிட்டது. இருபத்தாறு வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். அவரைவிட முப்பது வயது இளையவர்கள்கூட அவைக்கு வந்து, "குட்டி எம்.பி. எங்க இருக்காங்க?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவர் அதற்கு ஒரு நாளாவது கோபப்பட்டாரா? கோபப்பட வேண்டிய விஷயங்கள் அவரிடம் வேறு நிறைய இருந்தன.

அவர் எங்கே வளர்ந்தார் தெரியுமா? எல்லாத் தலைவர்களும் ஏதோ ஒரு வீட்டில் வளர்ந்ததாக வரலாறு எழுதுகிறார்கள். இவர் ஒரு லிஃப்ட்டில் வளர்ந்தார். அவருடைய அப்பா அரசு ஆஸ்பத்திரியில் லிஃப்ட்காரர். அம்மா சட்டை தைக்கும் பட்டறையில் வேலை. பொழுது சாயும் வரை வர முடியாது. தம்பி அப்போது கைக்குழந்தை. பட்டறையிலேயே துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தூங்குவார். இதோ, இப்போது சிரிக்கிறாரே, அவர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பெண்ணுக்குப் போக்கிடம் வேண்டுமே? நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, லிஃப்ட்டில் அப்பாவுக்குப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். அப்பா நின்றுகொண்டே கிராதிக் கதவை இழுத்து இழுத்து மூடுவார். மகள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். குழந்தைகளை லிஃப்ட்டில் உட்கார வைக்கக் கூடாது என்று அங்கே பலகையே தொங்கியது. தலைமை நர்ஸம்மா மிகவும் கண்டிப்பானவர். ஆனால் லிஃப்ட்டில் ஏறியவுடன் அந்தம்மாவுக்கு மட்டும் கூரையைப் பார்க்கும் பழக்கம் இருந்தது.

ஏழு மாடி. இரண்டாவது மாடியில் பிரசவம், நாலாவதில் எலும்பு முறிவு, ஆறாவதில் பெரிய நோய்கள். ஏறுகிறவர்கள் முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், வரிசையைப் பற்றிப் பேசுவார்கள், சாப்பாடு ஆறிப் போனதைப் பற்றிப் பேசுவார்கள். மாடி வந்து, கதவு திறந்து, ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான், "டாக்டர் என்ன சொல்வாரோன்னு பயமா இருக்குப்பா" என்பார்கள். லிஃப்ட்காரரிடம் என்னத்துக்குச் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அப்பா, "நல்லதே சொல்வாரு, போங்க" என்பார். முக்காலியில் இருந்த பெண் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. விஷயம் கதவு திறக்கும்போதுதான் வருகிறது என்பதைப் படிப்பு வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றார், பட்டுக் கற்றார். ஒரு நாள் இரண்டு டாக்டர்கள் லிஃப்ட்டில் பேசிக்கொண்டு போனார்கள். "பதினாலாம் நம்பரை நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் ஒருவர். அடுத்த நடையில் ஒரு அம்மா ஏறினார். அவர் கணவருக்குப் பதினாலாம் நம்பர் கட்டில் என்பது நம் ஆளுக்குத் தெரியும். சும்மா இருக்குமா வாய்? "நாளைக்கு உங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்துடுவாரு, டாக்டரே சொன்னாரு" என்று சொல்லிவிட்டது. அந்த அம்மா சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு, மறுநாள் தேய்த்த சட்டையோடு வந்து நிற்கிறார். டாக்டர் முழிக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு பதினாலாம் நம்பர் கட்டில் உண்டு என்பதை முக்காலியில் இருந்தவர் யோசிக்கவில்லை.

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பத்திடம் போய் மன்னிப்புக் கேட்டார். மகளைத் திட்டவில்லை. கீழே இறங்கி வரும்போது, "லிஃப்ட்டுக்குள்ள கேட்டது லிஃப்ட்டோட இருக்கணும்மா. இது நம்ம வேலை" என்று மட்டும் சொன்னார். அந்தக் கணவர் பிறகு நல்லபடியாகவே தேறி வீடு போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்தத் தேய்த்த சட்டையை நம் குட்டி எம்.பி. கடைசி வரை மறக்கவில்லை.

பிறகு படித்தார். ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். சங்கத்தின் செயலாளரும் ஆனார். தேர்தல் வந்தது. கட்சிக்கு ஒரு தொகுதி தலைவலியாக இருந்தது. எப்போதும் தோற்கிற தொகுதி. பெரியவர்கள் யாரும் நிற்க மாட்டோம் என்றார்கள். "யாராவது ஒருத்தரை நிறுத்துங்கப்பா, பேருக்கு" என்றது தலைமை. பேருக்கு நின்றவர்தான் நம் அம்மையார்.

எதிர்த்து நின்றவர் திறந்த வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். இவர் என்ன செய்தார்? தொகுதியில் பாதிப் பேர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்தார்கள். இவர் காலையில் ஒரு கட்டடத்து லிஃப்ட்டில் ஏறுவார். மேலே போவார், கீழே வருவார், மேலே போவார். ஏறுகிறவர்களிடம், "எந்த மாடிங்க?" என்று கேட்டுப் பொத்தானை அமுக்குவார். காய்கறிப் பையோடு வருகிறவரிடம் அவ்வளவு நேரத்தில் என்ன கொள்கை பேச முடியும்? அவர் பேசவில்லை. அவர்கள் பேசினார்கள். இறங்கும்போது, "ஆமா, நீ யாரும்மா?" என்பார்கள். "எலக்‌ஷன்ல நிக்கறேன்" என்பார். அதற்குள் கதவு மூடிக்கொள்ளும். வாக்கு எண்ணிய அன்று தலைமை அலுவலகத்தில் தோல்விக்கு ஆறுதல் சொல்லி ஒரு அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார்கள். ஜெயித்த செய்தி வந்ததும் அதை யார் கண்ணிலும் படாமல் எடுத்து மடித்து வைத்தார்கள். தலைவர் அவர்கள் புன்னகைக்கிறார். அவருக்கு அந்த அறிக்கை எழுதியவரைத் தெரியும்.

இப்போது நான் சொல்லப் போவதை அம்மையார் உயிரோடு இருந்தவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அப்படியென்றால் நான் சொல்லலாமா? சொல்லலாம். சொல்லச் சம்மதம் தந்தவர் இங்கேதான் முன்வரிசையில் இருக்கிறார். அன்றைய சுகாதார அமைச்சரின் மகள் அவர்களே, உங்களுக்கு என் நன்றி.

அப்போது நான் அந்த அமைச்சரின் தனிச் செயலாளர். ஆளும் கட்சி எங்களுடையது. அம்மையார் எதிர் அணி. புதிய உறுப்பினர்கள் பதவி ஏற்கும் நாள். நானும் அமைச்சரும் நாடாளுமன்றக் கட்டடத்தில் லிஃப்ட்டுக்கு வந்தோம். உள்ளே சாம்பல் நிற உடையில் ஒரு சின்னப் பெண் பொத்தான்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே வேலை செய்கிறவர்களின் சீருடையும் சாம்பல் நிறம்தான். "எந்த மாடிங்க?" என்று கேட்டார். அமைச்சர், "நாலு" என்றார். அந்தப் பெண் அமுக்கினார். உண்மையான லிஃப்ட்காரர் டீ குடிக்கப் போயிருந்தார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பழக்க தோஷத்தில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் எங்களிடம் மாடி கேட்பார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

லிஃப்ட்காரர் எதிரில் பெரிய மனிதர்கள் தனியாக இருப்பதாகவே நினைத்துப் பேசுவார்கள். அமைச்சரும் பேசினார். வெளியூர் அரசு ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டு, எல்லாவற்றையும் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியோடு சேர்க்கும் மசோதா ஒன்று அப்போது எங்கள் கையில் இருந்தது. அமைச்சர் என்னிடம், "யோவ், அந்த ஆஸ்பத்திரிங்கள்ல ஒண்ணைக்கூட நான் போய்ப் பார்க்கலைய்யா. மனசு ஒப்பவே மாட்டேங்குது. ஆனா இப்ப நிறுத்தினா பயந்துட்டான்னு சொல்வாங்க" என்றார். நாலாவது மாடி வந்தது. "தேங்க்ஸ்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

அன்று பிற்பகல் புதிய உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்தார்கள். சாம்பல் நிற உடை எழுந்து மேடைக்குப் போனது. அமைச்சர் தலையைத் திருப்பி, அதிகாரிகள் வரிசையில் இருந்த என்னைத் தேடிப் பார்த்த பார்வை இருக்கிறதே! வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "யோவ்... அந்த லிஃப்ட்டுப் பொண்ணு" என்றார்.

மூடப்பட இருந்த ஆஸ்பத்திரிகளில் முதலாவது எது தெரியுமா? அந்த ஏழு மாடி ஆஸ்பத்திரிதான். அப்பா இன்னும் அங்கே லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரில் முக்கால்வாசிப் பேர் பிறந்தது அந்த இரண்டாவது மாடியில். அது போய்விட்டால் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் பஸ் மாறிப் போக அரை நாள் ஆகும். அம்மையார் கையில் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அமைச்சரே சொன்ன வார்த்தை! அவையில் எழுந்து அதை ஒரு முறை சொன்னால் போதும். மசோதா கிழிந்திருக்கும், அமைச்சர் வீட்டுக்குப் போயிருப்பார், மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் இவர் படம் வந்திருக்கும்.

அவர் கட்சியிலும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அமைச்சரோடு அவர் லிஃப்ட்டில் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். கட்சியின் அவைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"லிஃப்ட்டுல அவர் என்னம்மா பேசினாரு?"

"நாலாவது மாடின்னு சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அமுக்கினேன். நின்னுச்சு. இறங்கிட்டாரு."

மசோதா விவாதத்துக்கு வந்தது. இளைய உறுப்பினர் என்பதால் அவருக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். அதுதான் அவருடைய முதல் பேச்சு. அமைச்சர் கைக்குட்டையை மடித்து மடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மையார் பேசினார். எந்த மாடியில் யார் இறங்குகிறார்கள் என்று ஒவ்வொரு மாடியாகச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியை விட்டால் அந்த மக்களுக்குப் போக்கு இல்லை என்றார். உட்கார்ந்துவிட்டார். நாடாளுமன்ற லிஃப்ட்டில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைதட்டலும் பெரிதாக இல்லை. மறுநாள் ஒரு பத்திரிகை, "குட்டி எம்.பி.யின் முதல் பேச்சு: சுமார்" என்று போட்டது. அந்தப் பெயர் அங்கேதான் பிறந்தது. அவர் கட்சிக்காரர்களே, "இதுக்கா உன்னை அனுப்பினோம்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் இருந்தது. மாலையில் அமைச்சரும் நானும் கிளம்பி லிஃப்ட்டில் ஏறினோம். கதவு மூடும் நேரத்தில் அம்மையாரும் உள்ளே வந்தார். பொத்தான்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"எந்த மாடிங்க?"

அமைச்சர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "கீழ" என்றார்.

"ஐயா, அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். எங்க அப்பா லிஃப்ட்காரரு. லிஃப்ட்டுக்குள்ள கேட்டது வெளிய போகாது."

"அப்புறம் இப்ப எதுக்கும்மா சொல்ற?"

"உள்ள கேட்டதை உள்ள பேசலாம்லங்க?"

கீழ்த்தளம் வந்தது. கதவு திறந்தது. வெளியே டிரைவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அமைச்சர் ஒரு காலை வெளியே வைத்தார். அப்படியே நின்றார். நம் குட்டி எம்.பி. வாயைத் திறக்கவில்லை. கதவு திறக்கும்போதுதான் விஷயம் வரும் என்று அவருக்குத் தெரியுமே!

"போய்ப் பார்க்கணும்கறியா?" என்றார் அமைச்சர்.

"ஏழே மாடிதாங்க."

அமைச்சர் காலை உள்ளே எடுத்துக்கொண்டார். இவர் மேல்மாடிப் பொத்தானை அமுக்கினார். முழித்துக்கொண்டிருந்த டிரைவரின் முகத்தின் மேல் கதவு மூடியது. மேலே போனோம், கீழே வந்தோம், மறுபடி மேலே போனோம். அமைச்சர் தன் பயத்தையெல்லாம் சொன்னார். கட்சியில் தன்னைக் கோழை என்பார்கள் என்றார், பதவி போய்விடும் என்றார். இவர், "போனாலும் போகும்தாங்க" என்றார். சமாதானத்துக்காக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் நடுவில் நின்றேன். தனிச் செயலாளரின் முக்கியமான வேலையே காது கேட்காதவன் போல் நிற்பதுதான்; அன்று அதை நன்றாகவே செய்தேன்.

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் அமைச்சர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் போனேன். லிஃப்ட்டில் காக்கி உடையில் ஒரு பெரியவர், "எந்த மாடிங்க?" என்று கேட்டார். மகளின் அதே தொனி. அமைச்சர், "எல்லா மாடியும்" என்றார். பெரியவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவை இழுத்து மூடினார். அமைச்சர் மூலையில் ஒதுங்கி நின்றுகொண்டார். மதியம் வரை அந்த லிஃப்ட்டை விட்டு இறங்கவில்லை. ஏறினவர்கள் ஏறினார்கள், இறங்கினவர்கள் இறங்கினார்கள், இறங்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஓட்டெடுப்பு நாளில் அமைச்சர் எழுந்தார். "இந்த மசோதாவில் இருக்கும் ஆஸ்பத்திரிகளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் இதைக் கொண்டுவந்தேன். நேற்று ஒன்றைப் பார்த்தேன். மீதியையும் பார்க்கும் வரை மசோதாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்றார். அவர் பயந்தது போலவே நடந்தது. "பயந்துட்டாரு! பயந்துட்டாரு!" என்று ஒரே கூச்சல். அப்போது பின்வரிசையில் ஒரே ஒருவர் மேசையைத் தட்டினார். அது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? எதிர்க்கட்சி வரிசையிலிருந்து, ஒரு எதிரிக்காக, தனியாகத் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கூச்சல் போட்டவர்களின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த அமைச்சரவை மாற்றத்தில் அமைச்சரின் துறை பறிபோனது உண்மைதான். அதற்காக அவர் வருந்தியதாக அவர் மகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையை அவரே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பாராம். வெளியே சொல்லாதவர் நம் அம்மையார்தான். அந்த ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த இரண்டாவது மாடியில் பிறந்தீர்களோ!

அதன் பிறகு நான் அரசு வேலையை விட்டுவிட்டு அவருடைய அலுவலகத்தில் சேர்ந்தேன். "நல்ல வேலையை விட்டுட்டு ஒரு சின்னப் பொண்ணுகிட்டயா போறீங்க?" என்றாள் என் மனைவி. ஆறு மாதம் கழித்து அவளே வாரத்துக்கு ஒரு நாள் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தாள். என்னைப் பார்க்க அல்ல. கடைசி நாள் வரை நான் அவரை மேடம் என்றேன், அவர் என்னை சார் என்றார்.

அவர் வேலை செய்யும் முறை உங்களுக்குத் தெரியும். மனுவோடு வருகிறவரை உட்கார வைத்துக் கேட்பார். முடிந்ததும் எழுந்து, வெளிக் கேட் வரை கூடவே நடந்து வந்து வழியனுப்புவார். ஒவ்வொருவரையும்! எனக்குக் கோபம் கோபமாக வரும். "மேடம், வெளிய வரிசை நிக்குது, ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள் நேரம் போகுது" என்பேன். "கேட்டுலதான் சார் மனு ஆரம்பிக்குது" என்பார். ஒரு ஓய்வுபெற்ற நர்ஸம்மா பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை வேண்டும் என்று வந்தார். அங்கே பேருந்தே சரியாக நிற்பதில்லை, தர முடியாது என்று அதிகாரிகளிடமிருந்து பதில் வந்திருந்தது. அவரைக் கேட் வரை நடத்திக்கொண்டு போனார். கேட்டில் அந்த அம்மா, "பஸ்ஸுக்கு இல்லம்மா. நாங்க மூணு சிநேகிதிங்க. உட்கார்ந்து பேச ஒரு இடம் இல்ல" என்றார். கூரையும் வந்தது, பெஞ்சும் வந்தது. அந்த மூவரும் இன்று இல்லை. பெஞ்சு இருக்கிறது. நேற்று அந்த வழியாக வந்தபோது வேறு மூன்று பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். அதே ஆஸ்பத்திரி, ஐந்தாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். ஜன்னல் வழியே வெயில் வந்துகொண்டிருந்தது. புதிய லிஃப்ட் போட்டிருக்கிறார்கள். தானாகவே திறக்கிறது, தானாகவே மாடியின் பெயரைச் சொல்கிறது. "எந்த மாடின்னு கேக்க ஆள் இல்ல சார். அது ஒண்ணுதான் குறை" என்றார். பட்ஜெட்டைப் பற்றிப் பேசினோம். என் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். தம்பி வாங்கி வந்த பழம் புளிப்பு என்றார். நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவரால் எழ முடியவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக என்னை வாசல் வரை வழியனுப்ப அவரால் வர முடியவில்லை. நான் தனியாக நடந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"சார்" என்றார்.

திரும்பினேன்.

"நான் சந்தோஷமா இருந்தேன் சார். எல்லாரும் கூடற எடத்துல, யாராவது அழுதா, அதைச் சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன் மேடம். எல்லோரும் கூடியிருக்கிற இடத்தில் சொல்லிவிட்டேன்.

பெரியோர்களே, நண்பர்களே! அவருக்குச் சிலை வைப்பது பற்றி இங்கே சிலர் பேசினீர்கள். அது உங்கள் விருப்பம். எங்கள் அலுவலகத்தில் இருக்கும் நாங்கள் ஒன்றை முடிவு செய்திருக்கிறோம். அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இருக்கட்டும், வருகிறவர்களைக் கேட் வரை நடந்து வழியனுப்பும் வேலையை நாங்கள் செய்வோம். அங்கே கேட்டது அங்கேயே இருக்கும்; செய்ய வேண்டியது மட்டும் வெளியே வரும். இதை அம்மையாரின் பெயரால் உறுதியளிக்கிறோம்.

கூட்டம் முடிந்து கலையும்போது, எனக்கு இந்த முழங்கால் வலி இருந்தாலும், நான் அந்த வாசலில் நிற்பேன். யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தால், போகிற போக்கில் அங்கே சொல்லிவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.